எடுத்துக்கொண்டு ஓடக்கூடியது

முன்னால் நின்ற ஓட்டோவிலிருந்து வெளியே தொங்கிய கை வெகுநேரமாக அசையவில்லை. ஒரு ஈ வந்து அதில் உட்கார்ந்தது, எழும்பிப் பறந்தது, மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கோயில் நூலில் திரும்பவும் வந்து உட்கார்ந்தது. நித்தியசீலன் காரின் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈயை விரட்டாத கை தூங்குகிற கையாகத்தான் இருக்கும். இரவு முழுக்க வரிசையில் கிடந்தவன் பகலில் தூங்குவான், இதில் என்ன இருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரை றோட்டில் பெற்றோல் அடிக்கிற செற்றைப் பார்த்து வரிசையாக நின்ற வாகனங்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், வாயைத் திறந்துகொண்டு, கழுத்து மடிந்து, ஒருவன் தன் வான் வண்டியின் கூரைமேல் ஏறிச் சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டு. ஒரு நாடே றோட்டில் கிடந்து தூங்கும்போது ஒருத்தனுடைய கையை மட்டும் ஏன் பார்க்க வேண்டும். அவர் பார்வையைக் கடலுக்குத் திருப்பினார். கடல் தகரம்போல மினுங்கியது. கண் கூசியது. திரும்பவும் கைக்கு வந்தார். விரல் நகங்கள் ஏன் அந்த நிறத்தில் இருக்கின்றன. கிறீஸாக இருக்கலாம். ஓட்டோக்காரனின் நகத்தில் கிறீஸ் இருப்பது வழக்கந்தானே. கிறீஸ் கறுப்பு, இது கறுப்பில்லை, நீலம். நாற்பது வருசம் மனிசருடைய கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தவருக்கு நிறம் பிழைக்காது. பிழைக்கட்டும், இன்றைக்கு ஒரு நாளைக்குப் பிழைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டி வியர்வையில் ஊறி, இடுப்பெலும்பில் உரசி எரிந்தது. மனைவி இந்துமலர் தைத்துக் கொடுத்துவிட்டுப் போன பட்டி. ரொறன்ரோவில் மகளோடு இருந்துகொண்டு தினமும் போனில், பட்டியைக் கழற்றி வைக்காதேங்கோ, குளிக்கேக்கையும் கண்ணுக்கு முன்னால வையுங்கோ என்பாள். அதற்குள் அவருடைய கடை இருந்தது. கடை என்றால் கொழும்புக் காலி வீதிக் கட்டடத்தின் உரிமை, கண் சோதிக்கிற இயந்திரம், சுவர் நிறையப் பிரேம்கள், கண்ணாடி வில்லை அரைக்கிற மேசை, எல்லாம். எல்லாவற்றையும் விற்று, செட்டியார் தெருவில் தங்கப் பவுணாக மாற்றி, துணிக்குள் பெட்டி பெட்டியாகத் தைத்து வயிற்றில் கட்டியாயிற்று. நாளை விடியப் பிளேன். இந்தக் காரைக்கூட விற்றாயிற்று, வாங்கியவன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்வான். டாக்சியில் போகலாமே என்று இந்துமலர் கேட்டாள். டாக்சிக்காரன் யார், எவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான், எந்த ஒழுங்கைக்குள் திருப்புவான், யாருக்குத் தெரியும். பஸ்ஸென்றால் ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இடுப்பில் ஒரு கை பட்டாலே போதும். தன்னுடையதைத் தானே ஓட்டிக்கொண்டு போவதுதான் பத்திரம். அதற்கு வேண்டியது ஒரே ஒரு தடவை பெற்றோல். அந்தப் பெற்றோலுக்கும் அவருக்கும் நடுவில் இப்போது நிற்பது ஒரு ஓட்டோ. ஒரு ஓட்டோ, அதில் ஒரு கை.

காலையில் அவன்தான் இறங்கி வந்தான். மருதவீரன் என்று பெயர், ஹற்றன் பக்கம் ஏதோ தோட்டம், பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவனாம். நேற்று வரிசையில் சேர்ந்ததிலிருந்து இதையெல்லாம் கேட்காமலே சொல்லியிருந்தான். நேற்றுப் பின்னேரம் எங்கோ போய் பால் விடாத பிளேன்ரீ வாங்கி வந்து, சார் நீங்களும் குடிங்க என்று கார் யன்னலுக்குள் நீட்டினான். காசு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. காலையில் வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "சார், நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது. இந்த முக்குல டிஸ்பென்சரி ஒண்ணு இருக்கு, ஒரு எட்டுப் போய்க் காட்டிட்டு வந்திர்றேன். வரிசை நகந்தா வண்டியக் கொஞ்சம் தள்ளி விடுவீங்களா?" நித்தியசீலன் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத வண்டி முன்னால் நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் விடமாட்டார்கள், இடையில் எவனாவது செருகுவான், சண்டை வரும், பொலிஸ் வரும். தன் காரையும் தள்ளி அவன் ஓட்டோவையும் தள்ள இந்த வயதில் முடியுமா, பட்டி அவிழ்ந்தால் என்ன செய்வது. "நீர் இப்ப போனால் உம்மட இடம் போயிடும். பின்னால நிக்கிறவை பொல்லாத ஆக்கள். பெற்றோல் பவுசர் வெளிக்கிட்டுட்டுதாம். பெற்றோலை அடிச்சுப்போட்டுப் போம், அது வாய்வாத்தான் இருக்கும்" என்றார். அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "அதுவும் சரிதான் சார்" என்றான். பிறகு தன் போனை நீட்டி, சார்ஜ் இல்லை, காரில் கொஞ்சம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். அதற்கு மறுப்புச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அந்தப் போன் இப்போதும் பக்கத்து இருக்கையில் வயரோடு கிடந்தது. தன்னுடைய பற்றறியை அது குடிக்கிறது என்று காலையில் ஒரு தடவை கணக்குப் பார்த்ததும், இப்போது அந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வந்ததும், அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்க்காதவன் என்ன ஆனான் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார்.

அப்பா கணக்குப் பார்க்கவில்லை. அதே காலி வீதியில் அப்பாவுக்கும் கண்ணாடிக் கடை இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். நெருப்பு அடங்கிய பிறகு போய்ப் பார்த்தபோது அலுமாரி நிறைய இருந்த வில்லைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கல்லுப்போல ஒரு கட்டியாகக் கிடந்தன. அப்பா அதைக் குனிந்து தூக்கப் பார்த்தார், தூக்க முடியவில்லை. அகதி முகாமில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் இருந்தபடி, "கொண்டு ஓடக்கூடிய ஒண்டும் நான் வைச்சிருக்கேல்லையடா" என்றார். அன்று ஓடும்போது தெரிந்தவருடைய லொறி ஒன்று அவர்களைக் கடந்து போனது. கூப்பிட்டார்கள், கையைக் காட்டினார்கள், லொறிக்காரன் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு வேகமாக ஓட்டினான். அப்பா சாகும்வரை அவனைத் திட்டியதில்லை. அவனுக்கும் பயந்தானே என்பார். நித்தியசீலன் திட்டியிருக்கிறார், பல வருசம், ஒவ்வொரு ஆடியும். இப்போது இந்த வெயிலில் அந்த லொறிக்காரனின் முகம் ஞாபகம் வந்தபோது அதில் கொடுமை ஒன்றும் இருக்கவில்லை. அது கணக்குப் பார்க்கிற முகம், அவ்வளவுதான். லொறிக்குள் அவனுடைய பெண்சாதி பிள்ளைகள் இருந்திருக்கலாம். நின்றிருந்தால் எல்லாரும் செத்துப்போயிருப்பார்கள். அவன் சரியாகத்தான் செய்தான் என்று அவர் முதல்முறையாக நினைத்தார், நினைத்ததும் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோல மூச்சு இலேசாக வந்தது.

இந்தத் தடவை நெருப்பு இல்லாமலே கொளுத்தினார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் வரியைக் குறைத்தார்கள், நோட்டை அடித்தார்கள், ஒரே நாளில் உரத்தை நிறுத்தினார்கள், கடைசியில் வெளிநாட்டுக் கடன் கட்டக் காசில்லை என்று கையை விரித்தார்கள். வங்கியில் போட்டவன் போட்ட இடத்திலேயே ஏழையானான். வீட்டுக்குள் இருந்த சனத்தின் அலுமாரியைத் திறக்காமல், பூட்டை உடைக்காமல், உள்ளே இருந்ததைப் பாதியாக்கிவிட்டுப் போனார்கள். திருடனென்றால் பொலிசுக்குப் போகலாம், இவர்களுக்கு எதிராக எங்கே போவது. நித்தியசீலன் முதலே கண்டுகொண்டார். வில்லை இறக்குமதிக்கு டொலர் இல்லை என்று வங்கியில் இருந்த சிநேகிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன அன்றே கண்டுகொண்டார். எல்லாரும் அவரைப் பைத்தியம் என்றார்கள், ஓடுகிற கடையை யாராவது விற்பார்களா என்றார்கள். கடையில் நெடுங்காலம் வேலை செய்த திலகேஸ்வரிக்கு, இத்தனை வருசத்துக்கும் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த கிழமை ரூபாயை விழ விடப்போகிறார்கள் என்று சிநேகிதன் காதோடு சொன்னான். அவர் முந்திக்கொண்டு, அன்றைக்கே, புது நோட்டாக, கவரில் போட்டு, ரூபாயில் கொடுத்து முடித்தார். தன்னுடையதைப் பவுணாக்கினார். திலகேஸ்வரி காலில் விழப்போனாள், தடுத்து, நல்லா இரும் பிள்ளை என்றார். அவள் அந்தக் காசை வங்கி வைப்பில் போட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார். அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் தங்கைக்குச் சொல்வாள், தங்கை தெருவுக்குச் சொல்வாள், செட்டியார் தெருவில் விலை ஏறும். ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைச் சுற்றி வாயை மூடத்தான் வேண்டும். அவர் எவருடைய சட்டைப் பையிலும் கை விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இப்போதும் அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் மருதவீரனின் போன் அடித்தது. அவர் திடுக்கிட்டு அதைப் பார்த்தார். திரையில் 'வீடு' என்று வந்தது. ஏதோ சாமிப் பாட்டு, காருக்குள் அடைத்துக்கொண்டு அடித்தது. முன்னால் கை அசையவில்லை. தன் போனின் பாட்டு இத்தனை கிட்டத்தில் கேட்டும் ஒரு மனிதன் திரும்பிப் பார்க்காமல் இருப்பானா, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, அவனுக்குக் கேட்காது. எடுத்து என்ன சொல்வது. உங்கட ஆள் தூங்குறார் என்று சொல்லலாம், பெண்சாதியாக இருந்தால் எழுப்புங்க என்பாள். எழுப்பப் போனால் எழும்ப வேண்டும். பாட்டு நின்றது, உடனே திரும்ப அடித்தது. அவர் அதன் பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கிப் பிடித்தார். திரை கறுத்தது. அதே நேரம் கார்க் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பின்னால் நிற்கிற பள்ளிக்கூட வானின் சாரதி, நசூர், தெகிவளைக்காரன். "முதலாளி, பவுசர் வந்திட்டு. இப்ப அடிக்கத் துவங்குவாங்க" என்றான். பிறகு ஓட்டோவைப் பார்த்து, "அவரு என்ன, படுத்திட்டாரா? தண்ணி கிண்ணி குடுக்கவா?" என்றான். நித்தியசீலனுடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "வேண்டாம், விடும். இரவு முழுக்க முழிப்பு. இப்பத்தான் கண்ணயர்ந்தவர், கிட்டப் போகேக்க எழுப்புவம்." நசூர் தலையாட்டிவிட்டுப் போனான். சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, இனி இந்த வசனத்தைவிட்டு இறங்க வழியில்லை. இனி எவனாவது கண்டுபிடித்தால், நீங்கள்தானே தூங்குகிறான் என்றீர்கள் என்று கேட்பான். பொலிஸ் வரும். வரிசை நிற்கும். கடைசியாகக் கதைத்தது யார், போன் ஏன் உங்கள் காரில், அடையாள அட்டையைக் காட்டுங்கள், வாக்குமூலம், ஸ்ரேசனுக்கு வாருங்கள், சேர்ட்டைக் கழற்றுங்கள், இதென்ன வயிற்றில். பிளேன் போய்விடும். பவுண் போய்விடும். அப்பா குனிந்து தூக்க முடியாமல் விட்ட அந்தக் கட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

செத்துத்தான் போயிருந்தால் இனி எவனாலும் என்ன செய்ய முடியும். அவர் அதை இதயமில்லாமல் நினைக்கவில்லை, நியாயமாகவே நினைத்தார். செத்தவனுக்கு அவசரம் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் பிளேன் இருக்கிறது. இன்றைக்குப் பின்னேரம் கண்டுபிடித்தாலும் அவன் செத்தவன்தான், இப்போது கண்டுபிடித்தாலும் செத்தவன்தான். நடுவில் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரத்தால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை, தனக்கு முழுதும் நட்டம். இப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. ஒரு இடம் மட்டும் இடறியது. செத்துத்தான் போனான் என்று யார் சொன்னது. கிட்டப்போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் தெரியாதவனாக இருக்க முடியாது. அவர் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்காமல், செத்துவிட்டான் என்றே வைத்துக்கொண்டார், கடையில் கண்ணைச் சோதிக்காமலே வயதைப் பார்த்து இன்ன நம்பர் என்று ஊகிப்பதுபோல.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒவ்வொன்றாக வாகனங்களைத் தள்ளினார்கள், எஞ்சினை முடுக்கி வீணாக்க எவனிடமும் பெற்றோல் இல்லை. ஓட்டோவுக்கு முன்னால் ஒரு இடைவெளி திறந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நித்தியசீலன் இறங்கினார், கால் மரத்திருந்தது. நசூர் ஓடி வந்தான். "நீர் பின்னால நிண்டு தள்ளும், நான் ஹாண்டிலைப் பிடிக்கிறன்" என்று அவனைப் பின்னால் அனுப்பிவிட்டு, தான் முன்பக்கம் போனார். மருதவீரனின் தலை தோளில் சரிந்து, வாயோரம் எச்சில் கோடாக இறங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தொங்கிய கையை எடுத்து அவன் மடியில் வைத்தார். காரிலிருந்து எடுத்து வந்த போனை அவன் சட்டைப் பைக்குள் செருகினார். செருகும்போது விரல்கள் அவன் நெஞ்சில் பட்டன. நெஞ்சு சூடாக இருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். வெயில். இந்த வெயிலில் ஓட்டோவின் தகரம் சுடுகிறது, சீற் சுடுகிறது, ஹாண்டில் சுடுகிறது, கல்லும் சுடுகிறது. சுடாதது எது. நசூர் பின்னாலிருந்து, "ஆ, தள்ளவா முதலாளி?" என்றான். "தள்ளும்" என்றார். ஓட்டோ உருண்டது. ஒவ்வொரு உருளலுக்கும் மருதவீரனின் தலை மெதுவாக ஆமோதிப்பதுபோல ஆடியது. அந்தச் சூடு விரல் நுனியிலிருந்து போகவில்லை, சேர்ட்டில் துடைத்தார், ஹாண்டிலில் தேய்த்தார், தன் கழுத்தைத் தொட்டு அதே சூடுதானா என்று ஒத்துப் பார்த்தார். அதே சூடுபோலத்தான் இருந்தது. அப்படியென்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று முடிவு செய்தார். திரும்பத் தொட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியும் என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவர் பதில் சொல்லாமல் நிற்கவைத்தார், கடன் கேட்டு வந்தவனைக் கடை வாசலில் நிற்கவைப்பதுபோல.

பம்பில் நின்றவன் சிங்களத்தில், ஆளை எழுப்புங்கள் என்றான். துவக்கோடு நின்ற ஆமிக்காரன் இரண்டு அடி கிட்ட வந்தான். நித்தியசீலனுடைய வயிற்றில் பட்டி இறுகியது. "பாவம், காய்ச்சல், மருந்து குடிச்சிட்டுப் படுத்திருக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னார். தன் குரல் அத்தனை சாந்தமாக வந்ததில் அவருக்கே வியப்பு. "அவருக்கு உள்ள பங்கை அடியுங்கோ, காசை நான் தாறன்." ஆமிக்காரன் ஓட்டோவுக்குள் ஒரு தரம் பார்த்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனும் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஓட்டோவின் ராங்கிக்குள் பெற்றோல் இறங்குகிற சத்தம் கேட்டது. நித்தியசீலன் காசை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்தது, நேற்றுக் குடித்த பிளேன்ரீயையும் சேர்த்துக் கட்டிவிட்டதுபோல. பிறகு இருவருமாக ஓட்டோவைச் செற்றைத் தாண்டித் தள்ளிப்போய், ஒரு வாகை மரத்தின் நிழலில் ஒதுக்கி விட்டார்கள். நிழல் நல்ல குளிர்ச்சியாக இருந்தது. நசூர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "இந்தக் காலத்துல ஆருக்கு ஆரு இப்படிச் செய்வாங்க. நீங்க நல்ல மனிசன் முதலாளி. அல்லாஹ் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டான்" என்றான். நித்தியசீலன் அந்த வார்த்தையை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லது கிடைக்கும்போது திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "நீரும் வானைக் கொண்டு வாரும், முடிஞ்சிடப் போகுது" என்றுமட்டும் சொன்னார்.

அவருடைய காருக்கும் அடித்தார்கள். ஊசி மெல்ல மேலே ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். கட்டுநாயக்கா வரைக்கும் போகும், மீதியும் இருக்கும். இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்த சத்தம் இடுப்பு வரைக்கும் ஏறியது. வாகை மரத்தைக் கடந்தபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பின்னால் பார்க்கிற நடுக் கண்ணாடி இருந்தது, அதற்குள் எல்லாம் சின்னதாக, சத்தமில்லாமல் தெரிந்தது. நசூர் தன் வானை விட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு ஓட்டோவுக்குப் போனான். குனிந்தான். தோளைப் பிடித்து உலுக்கினான். போத்தல் கையிலிருந்து விழுந்தது. பிறகு அவன் மருதவீரனை இரண்டு கையாலும் அணைத்து வெளியே இழுத்து, நிலத்தில் கிடத்தி, பக்கத்தில் முழங்கால் குத்தி உட்கார்ந்து, நெஞ்சின்மேல் கையை வைத்து அமுக்கத் தொடங்கினான். அமுக்கினான், குனிந்து வாயில் காதை வைத்தான், திரும்ப அமுக்கினான். செத்தவனுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. நசூர் நிமிர்ந்து, காரைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு என்பதுபோல இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டினான். அந்த இடத்தில் பெற்றோல் உள்ள வாகனம் அது ஒன்றுதான். ஓட்டோவிலும் இருந்தது, அதை அவன் மறந்திருப்பான், அல்லது அவனுக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளட்டும் என்று நித்தியசீலன் நினைத்தார். நினைத்து முடியும் முன்பே கால் அமுக்கியிருந்தது. வளைவில் மரமும் கைகளும் கண்ணாடியிலிருந்து கழன்றன. காலி வீதியில் ஏறினார். எப்போதும் பஸ்ஸும் லொறியும் முட்டி நிற்கிற வீதி, இன்றைக்கு ஒரு வாகனம் இல்லை. நாட்டில் எவனிடமும் ஓட்ட ஒரு சொட்டு இல்லை. சிக்னல் விளக்குகளும் கரண்ட் இல்லாமல் கறுத்துக் கிடந்தன, நிறுத்த எவனும் இல்லை. நேராக, அகலமாக, முழுக்க முழுக்க அவருக்காகவே திறந்து கிடந்த அந்த வீதியில் நித்தியசீலன் கடைசிக் கியரைப் போட்டார்.